எட்கர் காட்: கணினிக்கு 'தெரியாது' என்று சொல்லக் கற்றுக்கொடுத்தவர்

ஒரு நிறுவனத்தில் 100 ஊழியர்கள். டேபிளில் ஒவ்வொருவருக்கும் வயது எழுத ஒரு கட்டம் இருக்கிறது. 30 வயதுக்கு மேல் எத்தனை பேர் என்று கேட்டால் கணினி 60 என்கிறது. சரி, 30 வயதும் அதற்குக் கீழும் எத்தனை பேர் என்று கேட்டால் 35 என்கிறது. கூட்டினால் 95தான் வருகிறது. மீதி 5 பேர் எங்கே போனார்கள்?

எங்கேயும் போகவில்லை. டேபிளிலேயேதான் இருக்கிறார்கள். அவர்களுடைய வயது யாருக்கும் தெரியாததால், அந்தக் கட்டத்தில் 'நல்' என்ற குறி இருக்கிறது. அதனால் இரண்டு கேள்விகளுக்கும் அவர்கள் பதிலாக வரவில்லை. எரர் மெசேஜும் வராது, எச்சரிக்கையும் வராது. சத்தமில்லாமல் 5 பேர் பட்டியலில் இருந்து விடுபட்டிருப்பார்கள்.

எஸ்க்யூஎல் எழுதிப் பழகியவர்களுக்கு இந்த அனுபவம் புதிதல்ல. ஆனால் இது ஏன் இப்படி வேலை செய்கிறது? இதற்குப் பின்னால் 2003-இல் மறைந்த ஒரு ஆங்கிலேயக் கணிதவியலாளர் இருக்கிறார். அவர் பெயர் எட்கர் எஃப். காட். வங்கிக் கணக்கு, ரயில் டிக்கெட், ஆன்லைன் ஆர்டர் என்று இன்று நாம் தொடும் பெரும்பாலான சேவைகளின் அடியில் அவருடைய யோசனைதான் ஓடிக்கொண்டிருக்கிறது.

யார் இந்த எட்கர் காட்?

1923 ஆகஸ்ட் 19 அன்று, இங்கிலாந்தின் தென்கரையில் உள்ள போர்ட்லேண்ட் தீவில் பிறந்தார். அப்பா தோல் பொருள் தயாரிப்பாளர், அம்மா பள்ளி ஆசிரியை. ஏழு பிள்ளைகளில் இவர் கடைக்குட்டி. ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் எக்ஸிட்டர் கல்லூரியில் வேதியியலும் கணிதமும் படித்தார். இடையில் இரண்டாம் உலகப்போர் வந்தது. எட்கர் பிரிட்டிஷ் விமானப்படையில் சேர்ந்து விமானம் ஓட்டினார். போர் முடிந்ததும் திரும்பி வந்து படிப்பை முடித்தார்.

1948-இல் நியூயார்க் போனார். அங்கே அவர் பார்த்த முதல் வேலைகளில் ஒன்று, மேசிஸ் என்ற பெரிய பல்பொருள் அங்காடியில் ஆண்களுக்கான விளையாட்டு உடைகளை விற்பது. பிறகு டென்னசி பல்கலைக்கழகத்தில் சில மாதங்கள் கணிதம் சொல்லிக்கொடுத்தார். 1949-இல் ஐபிஎம் நிறுவனத்தில் ப்ரோகிராமராகச் சேர்ந்தார். கணினி என்றால் ஒரு முழு அறையை அடைத்துக்கொள்ளும் இயந்திரமாக இருந்த காலம் அது.

1953-இல் அந்த வேலையை விட்டுவிட்டுக் கனடாவின் ஒட்டாவாவுக்குக் குடிபோனார். காரணம் அரசியல். கம்யூனிஸ்டுகளைக் கண்டுபிடிக்கிறேன் என்று சொல்லி செனட்டர் ஜோசப் மெக்கார்த்தி பலரையும் குறிவைத்துக்கொண்டிருந்த நேரம் அது. அந்தச் சூழல் எட்கருக்குப் பிடிக்கவில்லை. நான்கு ஆண்டுகள் கழித்து 1957-இல்தான் ஐபிஎம்முக்குத் திரும்பினார்.

40 வயதை நெருங்கும்போது மறுபடியும் மாணவரானார். மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் 1965-இல் பிஎச்.டி. பெற்றார். தன்னைத்தானே நகலெடுத்துக்கொள்ளும் இயந்திரம் சாத்தியமா என்று கணித மேதை ஜான் வான் நியூமன் ஆராய்ந்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் 29 நிலைகள் கொண்ட ஒரு மாதிரியைக் கொடுத்திருந்தார். அதை 8 நிலைகளிலேயே செய்ய முடியும் என்று எட்கர் காட்டினார். சிக்கலான ஒன்றை எடுத்து, தேவையில்லாததை எல்லாம் கழித்துவிட்டு, எலும்புக்கூட்டை மட்டும் வைப்பது அவருக்குக் கைவந்த கலை. அடுத்து அவர் கைவைத்தது டேட்டாபேஸ்.

11 பக்கக் கட்டுரை என்ன சொன்னது?

1960-களில் ஒரு தகவலைத் தேட வேண்டும் என்றால், அது எந்த வழியாகப் போனால் கிடைக்கும் என்பது ப்ரோகிராமருக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஐபிஎம்மின் ஐஎம்எஸ் மென்பொருளில் தகவல்கள் மரக்கிளைகள் மாதிரி அடுக்கப்பட்டிருந்தன. வாடிக்கையாளரில் இருந்து ஆர்டருக்கு, ஆர்டரில் இருந்து பொருளுக்கு என்று கிளை கிளையாக இறங்க வேண்டும். அடுக்கிய விதத்தை மாற்றினால், அதை நம்பி எழுதிய ப்ரோகிராம்களையும் திருத்த வேண்டியிருந்தது.

கலிஃபோர்னியாவின் சான் ஹோசேயில் உள்ள ஐபிஎம் ஆய்வுக்கூடத்தில் இருந்தபடி, எட்கர் இதற்கு மாற்றாக ஒரு யோசனை சொன்னார். எல்லாத் தகவலையும் டேபிள்களாக வையுங்கள். என்ன வேண்டும் என்று மட்டும் கேளுங்கள். அதை எப்படித் தேடி எடுப்பது என்பது கணினியின் தலைவலி. 1970 ஜூன் மாதம் வெளியான அவருடைய 11 பக்கக் கட்டுரையின் சாரம் இதுதான். கேட்க எளிமையாக இருந்தாலும், அதன் அடித்தளம் கணிதத்தின் கணக் கோட்பாடும் தர்க்கவியலும்.

ஐபிஎம் இதை ஓடிவந்து வாங்கிக்கொள்ளவில்லை. ஐஎம்எஸ் நன்றாக விற்றுக்கொண்டிருந்தது. வெளியிலும் எதிர்ப்பு இருந்தது. 1974-இல் மிச்சிகனின் ஆன் ஆர்பர் நகரில் நடந்த மாநாட்டில் எட்கர் ஒரு பக்கமும், சார்லஸ் பாக்மன் மறுபக்கமும் நின்று வாதிட்டார்கள். பாக்மன், டேட்டாபேஸ் துறைக்காக 1973-இல் ட்யூரிங் விருது வாங்கியவர். இப்படி டேபிளாக வைத்தால் வேகமாக ஓடாது என்பதுதான் அப்போது எட்கர் மீது வைக்கப்பட்ட முக்கியமான சந்தேகம்.

அந்தச் சந்தேகத்தைச் சோதிக்க ஐபிஎம் 'சிஸ்டம் ஆர்' என்ற பரிசோதனைத் திட்டத்தைத் தொடங்கியது. அதில் இருந்த டொனால்ட் சேம்பர்லினும் ரேமண்ட் பாய்ஸும் 1974-இல் உருவாக்கிய மொழிதான் பிறகு எஸ்க்யூஎல் ஆனது. ஆனால் சந்தையில் முந்திக்கொண்டவர் வேறொருவர். வெளியான ஆய்வுக் கட்டுரைகளைப் படித்துவிட்டு லாரி எலிசனும் அவருடைய கூட்டாளிகளும் 1979-இல் ஆரக்கிளை விற்பனைக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். ஐபிஎம்மின் சொந்த எஸ்க்யூஎல் மென்பொருள் 1981-இல்தான் வந்தது. அதே ஆண்டு எட்கருக்கு ட்யூரிங் விருது கிடைத்தது.

'நல்' எதற்கு வந்தது?

டேபிள் என்றால் கட்டங்கள். கட்டம் என்றால் உள்ளே ஏதாவது எழுதியாக வேண்டும். பதில் தெரியாவிட்டால் என்ன எழுதுவது?

வயது தெரியாதா, 0 போடு. இல்லை, 999 போடு. தேதி தெரியாதா, 1900 ஜனவரி 1 என்று போடு. இப்படி ஆளுக்கு ஒரு வழி வைத்திருந்தார்கள். இதில் ஆபத்து என்னவென்றால், அந்த 999 பொய் என்பது எழுதியவருக்கு மட்டும்தான் தெரியும். சராசரி வயது கணக்கிடும் கணினிக்குத் தெரியாது. அது 999-ஐயும் சேர்த்துக் கூட்டி, நம்பிக்கையோடு ஒரு தப்பான விடையைக் கொடுக்கும்.

எட்கர் இதை ஏற்கவில்லை. தெரியாது என்பதற்கு எல்லா டேபிளுக்கும், எல்லா வகைத் தகவலுக்கும் பொதுவான ஒரே குறி வேண்டும் என்றார். 1979-இல் வெளியிட்ட நீண்ட கட்டுரையில் இதை விரிவாகப் பேசினார். உண்மையான ரிலேஷனல் டேட்டாபேஸ் எப்படி இருக்க வேண்டும் என்று 1985-இல் அவர் வெளியிட்ட புகழ்பெற்ற 12 விதிகளில், மூன்றாவது விதி முழுக்க இதைப் பற்றியதுதான். நல் என்பது பூஜ்யம் அல்ல. வெற்றிடமும் அல்ல. எழுத்தே இல்லாத காலி வார்த்தையும் அல்ல. தகவல் இல்லை என்பதற்கான அடையாளம், அவ்வளவுதான்.

தமிழில் 'நல்' என்றால் நல்லது. டேட்டாபேஸில் அது நல்லதா என்பதில்தான் இன்றுவரை சண்டை.

இந்த விதியை எல்லோரும் அப்படியே பின்பற்றவும் இல்லை. ஆரக்கிளில் எழுத்தே இல்லாத காலி வார்த்தையைச் சேமித்தால், அது நல் என்றே எடுத்துக்கொள்ளப்படும். வேறு டேட்டாபேஸில் இருந்து ஆரக்கிளுக்கு மாறுபவர்கள் தடுக்கி விழும் இடம் இது.

குழப்பம் நிஜ வாழ்க்கையிலும் எட்டிப் பார்க்கும். கலிஃபோர்னியாவில் ஒரு கணினிப் பாதுகாப்பு ஆய்வாளர், 'நல்' என்ற சொல்லையே தன் காரின் நம்பர் பிளேட்டாக வாங்கினார். பிறகு யார் யாருடைய அபராதமோ அவர் வீட்டுக்கு வர ஆரம்பித்தது. மொத்தம் 12,000 டாலருக்கும் மேல் என்று 2019-இல் ஒரு மாநாட்டில் அவர் சொன்னார். வண்டி எண் பதிவாகாத அபராதங்கள் எல்லாம் அவர் பெயரில் விழுந்திருக்கின்றன என்பதே அவருடைய விளக்கம். தகவல் இல்லை என்ற அடையாளத்தையும், அதே எழுத்துகள் கொண்ட சொல்லையும் ஒன்றாக நினைத்தால் இப்படித்தான் ஆகும்.

உண்மை, பொய், அப்புறம்?

கட்டத்தில் நல் வந்துவிட்டால், அதை வைத்துக் கேட்கும் கேள்விகளும் மாறிவிடும். வயது தெரியாத ஒருவர் 30-ஐத் தாண்டியவரா? ஆம் என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது. ஆகவே உண்மை, பொய் இரண்டோடு 'தெரியாது' என்ற மூன்றாவது பதிலும் தேவைப்படுகிறது.

மூன்று விடை கொண்ட தர்க்கம் எட்கரின் கண்டுபிடிப்பு அல்ல. போலந்தின் யான் லூகாசியேவிச் 1920-லேயே அதைப் பற்றி எழுதியிருந்தார். அமெரிக்கரான ஸ்டீபன் கிளீனி 1938-இல் தன்னுடைய வடிவத்தைக் கொடுத்தார். எட்கர் செய்தது, அந்தத் தத்துவத்தை அலுவலக டேபிளுக்குள் கொண்டுவந்தது.

சிம்பிளாகச் சொன்னால் இப்படி. ஒரு வேலைக்கு டிரைவிங் லைசென்ஸும் வேண்டும், 18 வயதும் ஆகியிருக்க வேண்டும். ஒருவரிடம் லைசென்ஸ் இல்லை, வயது தெரியாது. வயது என்னவாக இருந்தாலும் அவருக்கு வேலை கிடையாது. பதில் பொய். இன்னொருவரிடம் லைசென்ஸ் இருக்கிறது, வயது தெரியாது. பதிலும் தெரியாது. 'இரண்டில் ஒன்று இருந்தால் போதும்' என்று விதி இருந்தால், லைசென்ஸ் வைத்திருப்பவர் வயது தெரியாமலேயே தேர்வாகிவிடுவார். இதுவரை எல்லாம் நம் பொது அறிவோடு ஒத்துப்போகிறது.

சிக்கல் எங்கே என்றால், 'தெரியாது' என்ற பதிலை எஸ்க்யூஎல் இடத்துக்கு இடம் வேறு மாதிரி நடத்துகிறது. வடிகட்டும் 'வேர்' பகுதியில் பதில் உண்மையாக இருந்தால்தான் உள்ளே விடும், தெரியாது என்றால் வெளியே. தவறான தகவல் நுழையாமல் தடுக்கும் 'செக்' விதியில் நேர் எதிர், பொய் என்றால் மட்டும்தான் தடுக்கும், தெரியாது என்றால் உள்ளே விட்டுவிடும். நல்லும் நல்லும் சமமா என்று கேட்டால் தெரியாது என்று பதில் வரும். ஆனால் 'குரூப் பை' போட்டால் எல்லா நல்லையும் ஒரே கூட்டத்தில் உட்கார வைக்கும்.

நண்பரே ஏன் எதிர்த்தார்?

எட்கரின் யோசனைகளை உலகம் முழுவதும் கொண்டுசேர்த்தவர்களில் முதன்மையானவர் கிறிஸ்டோபர் டேட். இவரும் ஆங்கிலேயர், ஐபிஎம்மில் இருந்தவர். டேட்டாபேஸ் பற்றி இவர் எழுதிய பாடநூல் பல தலைமுறை மாணவர்கள் படித்தது. எட்கர் 1984-இல் ஐபிஎம்மை விட்டு விலகிய பிறகு, இருவரும் சேர்ந்து ஆலோசனை நிறுவனமும் நடத்தினார்கள். ஆனால் நல் விஷயத்தில் மட்டும் இருவருக்கும் கடைசிவரை ஒத்துப்போகவில்லை. எழுத்திலேயே வெளிப்படையாக மோதிக்கொண்டார்கள்.

டேட்டின் வாதத்தை நம் 100 ஊழியர்களை வைத்தே புரிந்துகொள்ளலாம். 30 வயதுக்கு மேல் உள்ளவர்கள், அல்லது 30-ம் அதற்குக் கீழும் உள்ளவர்கள், எல்லோரையும் கொடு என்று ஒரே க்வெரியாகக் கேளுங்கள். உலகத்தில் உள்ள எந்த மனிதரும் இந்த இரண்டில் ஒன்றுக்குள் வந்தாக வேண்டும். ஆனாலும் 95 பேர்தான் வருவார்கள். நிஜத்தில் உண்மையான ஒன்றை உண்மை என்று சொல்லத் தெரியாத ஒரு முறையை எப்படி நம்புவது? இதுதான் டேட்டின் கேள்வி. நல்லையே தூக்கிவிடுங்கள், வயது தெரிந்தவர்களுக்கு மட்டும் தனி டேபிள் போடுங்கள் என்பது அவருடைய பக்கம்.

எட்கர் பின்வாங்கவில்லை. மாறாக, இன்னும் ஒரு படி முன்னே போனார். தகவல் இல்லை என்பதிலேயே இரண்டு வகை உண்டு என்று 1986-இல் எழுதினார். ஒருவர் வேலையை விட்டுப் போய்விட்டார், ஆனால் தேதி பதிவாகவில்லை. இன்னொருவர் இன்னும் வேலையில்தான் இருக்கிறார், அவருக்கு விலகிய தேதி என்ற ஒன்றே கிடையாது. முதலாவது, இருக்கிறது ஆனால் தெரியாது. இரண்டாவது, பொருந்தவே பொருந்தாது. இரண்டுக்கும் தனித்தனிக் குறி வேண்டும், அதற்கு நான்கு விடை கொண்ட தர்க்கம் வேண்டும் என்றார். 1990-இல் வெளியான தன் புத்தகத்திலும் இதையே வலியுறுத்தினார். மூன்றையே சமாளிக்க முடியாமல் திணறிய மென்பொருள் நிறுவனங்கள் நான்காவதைக் கண்டுகொள்ளவில்லை.

சரி, டெஸ்ட் செய்யும்போது எதைப் பார்க்கணும்?

இந்த வாதத்தில் யார் பக்கம் நின்றாலும், நம் கையில் இருப்பது மூன்று விடை கொண்ட எஸ்க்யூஎல்தான். ஆகவே ஒரு நிபந்தனையைச் சோதிக்க இரண்டு வரி டேட்டா போதாது. உண்மை வரும் வரி ஒன்று, பொய் வரும் வரி ஒன்று, நல் உள்ள வரி ஒன்று என மூன்று வேண்டும். முக்கியமாகப் பார்க்க வேண்டியவை இவை:

கணக்கு டேலி ஆகிறதா? நிபந்தனைக்கு உட்பட்டவர்கள், அதன் எதிர் நிபந்தனைக்கு உட்பட்டவர்கள், இரண்டையும் கூட்டினால் மொத்த எண்ணிக்கை வர வேண்டும். வரவில்லை என்றால் வித்தியாசம் நல்லில் இருக்கிறது. 'இஸ் நல்' போட்டுக் கேட்டால் அந்த 5 பேரும் வெளியே வருவார்கள். 'சமம் நல்' என்று எழுதினால் யாரும் வரமாட்டார்கள்.

'கேஸ்' எழுதினால் 'எல்ஸ்' யாருக்கு? 30-க்கு மேல் என்றால் சீனியர், எல்ஸ் ஜூனியர் என்று எழுதினால், வயது தெரியாத 5 பேரும் ஜூனியர் ஆகிவிடுவார்கள். 'வேர்' பகுதியில் காணாமல் போனவர்கள், இங்கே தப்பான பெயரோடு தலைகாட்டுகிறார்கள். இது இன்னும் ஆபத்து, ஏனென்றால் மொத்தம் 100 சரியாகவே வரும். நல்லுக்கு முதலிலேயே ஒரு தனி வரி எழுதிவிடுவது நல்லது.

'நாட் இன்' போட்டீர்களா? எந்த ப்ராஜெக்ட்டிலும் இல்லாதவர்கள் யார் என்று கேட்கிறீர்கள். ப்ராஜெக்ட் டேபிளில் ஒரே ஒரு ஊழியர் எண் நல்லாக இருந்தாலும் போதும், ஒருவர்கூட வரமாட்டார். அந்தத் தெரியாத எண் இவருடையதாகவும் இருக்கலாமே என்று ஒவ்வொருவரையும் சந்தேகித்து கணினி ஒதுக்கிவிடும். 'நாட் எக்ஸிஸ்ட்ஸ்' எழுதினால் இந்தப் பிரச்சினை இல்லை.

சராசரி எதன் சராசரி? நான்கு பேருக்கு போனஸ் 100, 200, 300, நல். சராசரி கேட்டால் நல்லை விட்டுவிட்டு மூன்று பேருக்குக் கணக்கிட்டு 200 என்று வரும். 'கோயலெஸ்' போட்டு நல்லை 0 ஆக்கினால் 150 வரும். எது சரி? போனஸே கிடையாது என்றால் 150. இன்னும் முடிவாகவில்லை என்றால் 200. இதை எஸ்க்யூஎல்லால் முடிவு செய்ய முடியாது. அந்தக் கட்டம் காலியாக இருப்பதன் அர்த்தம் என்ன என்று சம்பந்தப்பட்ட துறையிடம் கேட்டால்தான் தெரியும்.

கேஸ், கோயலெஸ், நல்இஃப் மூன்றும் 1992-ஆம் ஆண்டின் எஸ்க்யூஎல் தரநிலையில்தான் சேர்ந்தன. நல்இஃப் தலைகீழ் வேலை செய்யும். குறிப்பிட்ட மதிப்பைப் பார்த்தால் அதை நல் ஆக்கிவிடும். பூஜ்யத்தால் வகுக்கும் எரரைத் தவிர்க்க அதைப் பயன்படுத்துகிறார்கள். எரர் போய்விடும், ஆனால் விடையில் புதிதாக ஒரு நல் பிறந்துவிடும். அதற்கும் ஒரு டெஸ்ட் வேண்டும்.

கடைசி ஆண்டுகள்

எஸ்க்யூஎல்லின் அடித்தளத்தைப் போட்டவர் என்றாலும், அந்த மொழியின் மீது எட்கருக்கே பெரிய திருப்தி இல்லை. ஒரே வரியை டேபிளில் இரண்டு முறை வைக்க அது அனுமதிப்பது உட்பட, பல குறைகளை வெளிப்படையாகச் சொன்னார். 12 விதிகளை அவர் வெளியிட்டதற்கும் காரணம் இருந்தது. பழைய மென்பொருளுக்கு மேலே பெயின்ட் அடித்து, இதுவும் ரிலேஷனல்தான் என்று விற்கும் போக்கைத் தடுக்க நினைத்தார்.

அவருடைய பிற்காலம் சர்ச்சை இல்லாமலும் இல்லை. 1993-இல், வணிகத் தரவுகளைப் பல கோணங்களில் அலசும் 'ஓலாப்' முறைக்கு விதிகள் வகுத்து ஓர் அறிக்கை வெளியிட்டார். அதற்கு, அந்த வகை மென்பொருளை விற்றுவந்த ஆர்பர் சாஃப்ட்வேர் நிறுவனத்தின் நிதி இருந்தது தெரியவந்ததும் விமர்சனம் எழுந்தது.

2003 ஏப்ரல் 18 அன்று, ஃபுளோரிடாவில் உள்ள வீட்டில் இதயச் செயலிழப்பால் எட்கர் காட் காலமானார். வயது 79. அடுத்த ஆண்டு, டேட்டாபேஸ் ஆய்வாளர்கள் அமைப்பான சிக்மாட் தன்னுடைய முக்கியமான விருதுக்கு அவர் பெயரை வைத்தது.

நல் வேண்டுமா வேண்டாமா என்ற விவாதம் இன்னும் முடியவில்லை. ஆனால் அவர் எழுப்பிய அடிப்படைக் கேள்வியை யாராலும் தட்டிக்கழிக்க முடியவில்லை. தெரியாத இடத்தில் ஒரு பொய் எண்ணை நிரப்பினால், அந்தப் பொய்யைப் பிறகு யாராலும் கண்டுபிடிக்க முடியாது. நல் என்று இருந்தால், குறைந்தபட்சம் அந்த 5 பேரைத் தேடிப் போகவாவது ஒரு வழி இருக்கிறது.